ஓட்டைக்காகவே ஒரு வார்ப்பு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வார்ப்புக்குள் ஒரு ‘ப்ளோ ஹோல்’ தென்பட்டால் போதும், உருப்படி ரிஜெக்ட். உள்ளே சிக்கிய வாயு விட்டுப்போன ஓட்டை, வலுவைக் கெடுத்துவிடும். சேதமான உடல் திசுவை மீண்டும் வளர்க்கும் திசுப் பொறியியலில் கதையே தலைகீழ். அங்கே பாலிமரை வார்ப்பதே ஓட்டைக்காகத்தான். கொள்ளளவில் 90 சதவீதம் வெற்றிடமாக இருப்பதும் உண்டு.

எலும்போ தோலோ பெரிய அளவில் சிதைந்தால், அந்த இடைவெளியை உடல் தானாக நிரப்பிக்கொள்ளாது. செல்கள் பற்றிப் படர, கட்டடத்துக்குக் கட்டுவதுபோல் ஒரு சாரம் வேண்டும். ஓட்டைகள் நிறைந்த அந்த வார்ப்புதான் இந்தச் சாரம். புதுத் திசு வளர வளர அது கரைந்தும் போக வேண்டும். பாலிலாக்டிக் அமிலம் என்ற பாலிமர் உடலின் ஈரத்தில் மெல்லச் சிதைந்து லாக்டிக் அமிலமாகிறது. நம் தசைகளிலும் உண்டாகும் பொருள்தான் அது.

ரத்த நுண்குழாயிலிருந்து சுமார் 200 மைக்ரானுக்கு அப்பால் இருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாது. எனவே சாரத்துக்குள் ரத்தக் குழாய்கள் நுழைந்தாக வேண்டும். எலும்புக்கான சாரத்தில் துளை 100 மைக்ரானாவது இருக்க வேண்டும். 300-ஐத் தாண்டினால் இன்னும் நல்லது. துளைக்குத் துளை வழியும் இருக்க வேண்டும்.

இப்படித் துளைகளை உண்டாக்க உப்பே போதும் என்று 1990-களின் தொடக்கத்தில் காட்டியது அமெரிக்காவின் ராபர்ட் லாங்கர், அன்டோனியோஸ் மிகோஸ் குழு. பாலிமரைக் குளோரோஃபார்மில் கரைத்து, சலித்த உப்பைக் கலந்து கண்ணாடித் தட்டில் ஊற்றுகிறார்கள். உப்பு குளோரோஃபார்மில் கரையாது. பாலிமர் தண்ணீரில் கரையாது. குளோரோஃபார்ம் ஆவியானதும் வில்லையைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, அவ்வப்போது தண்ணீரை மாற்றுகிறார்கள். உப்பு வெளியேறிய இடமெல்லாம் துளை. சல்லடைக் கண்ணின் அளவே துளையின் அளவு. எடையில் 90 சதவீதம் வரை உப்பு சேர்ப்பார்கள். உப்பு குறைந்தால் துகள்கள் தனித்தனியே பாலிமருக்குள் சிறைப்பட்டுவிடும். தண்ணீர் அவற்றைத் தொடாது. குளோரோஃபார்ம் மிச்சமிருந்தால் செல்களுக்கு நஞ்சு. அதனால் வெற்றிடத்தில் நன்றாக உலர்த்த வேண்டும்.

விலங்குத் தோலில் கிடைக்கும் கொலாஜன் என்ற புரதத்துக்கு வழி வேறு. கரைசலை உறையவைத்து, பனிப்படிகங்களை வெற்றிடத்தில் நேரடியாக ஆவியாக்குகிறார்கள். மெதுவாக உறைந்தால் பெரிய துளை, வேகமாக உறைந்தால் சிறிய துளை. அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனைக் கொண்டு காயத்துக்கான பொருள்களை உருவாக்கியிருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில், வேலப்பன்சாவடி சவீதா பல் மருத்துவக் கல்லூரியிலும் எலும்பு வளர்க்கும் சாரங்கள் பற்றிய ஆய்வுகள் நடக்கின்றன.

ஆய்வகத்தில் சாரம் செய்ய ஒரு வாரம் போதும். மருத்துவமனைக்கு வந்து சேரத்தான் ஆண்டுகள் ஆகின்றன. பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய ‘கோலிடெர்ம்’ என்ற காயச் சாரத்தின் தொழில்நுட்பம் 2017-இல் தனியார் நிறுவனத்துக்குக் கைமாறியது. மத்திய அரசின் அனுமதி கிடைத்ததோ 2023-இல். சிகிச்சைச் செலவு 10,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகக் குறையும் என்று அப்போது எதிர்பார்க்கப்பட்டது.

இத்தகைய பொருள் உடலுக்குள் போகும் முன் பாதுகாப்புச் சோதனைகளும் அரசின் அனுமதியும் தேவை. யாராவது உங்களுக்கு எலும்பையோ தோலையோ ‘வளர்த்துத் தருகிறோம்’ என்றால், அந்தப் பொருளுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள்.