வண்டி கைமாறியது, பெயர் மாறியதா?

“ஃபார்ம் 29, ஃபார்ம் 30 ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கிறோம்.” பழைய பைக்கையோ காரையோ கன்சல்டிங் கடையில் விற்றவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்டிருப்பார்கள். வாங்குபவரின் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. தேதியும் காலி. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியையும் ஆர்.சி. புக்கையும் நீட்டிவிட்டு ஆட்டோ பிடித்து வீடு திரும்புகிறோம். நம்மைப் பொறுத்தவரை அத்தோடு கதை முடிந்தது.

சட்டத்தைப் பொறுத்தவரை முடியவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, உரிமையாளர் யார் என்பதற்கு இலக்கணம் சொல்கிறது. பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். வாகனக் கடனில் இருக்கும் வண்டி, உரிமையாளர் மைனராக இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ‘விற்றுப் பணம் வாங்கிவிட்டவர்’ அந்த விலக்குகளில் இல்லை.

இதன் விலை என்னவென்று காட்டியது ஒரு மாருதி 800. அதன் உரிமையாளர் 2007-ல் காரை விற்றார். வாங்கியவர் 2008-ல் இன்னொருவருக்குக் கைமாற்றினார். அவரிடமிருந்து மூன்றாமவருக்குப் போனது. மூன்றாமவரோ, நானும் விற்றுவிட்டேன் என்றார். இத்தனை கை மாறியும் ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயர் அப்படியே இருந்தது. இன்சூரன்சும் இல்லை. 2009 மே மாதம் அந்தக் கார் பின்னோக்கி வந்து இடித்ததில் ஒருவர் காயமடைந்தார், ஒரு சிறுவன் இறந்தான். இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பதிவு உரிமையாளரைப் பொறுப்பாக்கியது. பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் அந்தச் சுமையை அந்த மூன்றாமவர் தலைக்கு மாற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2018 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு முதல் ஆளையே மறுபடி பிடித்தது. அவர் விற்று பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

கேட்கும்போது அநியாயமாகத் தோன்றும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்தின் பக்கம் நின்று பாருங்கள். யார் யாருக்கு விற்றார், எந்தத் தேதியில் விற்றார் என்று அவர்கள் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா? பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயர் பதில் சொல்லட்டும் என்றது நீதிமன்றம். எனக்கு இதில் மறுப்பில்லை. பெயரை மாற்றும் வாய்ப்பு விற்றவருக்கு இருந்தது. அடிபட்டவருக்கு எந்த வாய்ப்பும் இருந்ததில்லை.

இன்சூரன்ஸ் இருந்தால் கதையின் போக்கு மாறும். 1993-ல் விற்கப்பட்ட ஒரு லாரி, பெயர் மாறாமலே 1994-ல் விபத்தில் சிக்கியது. வாங்கியவர் பாலிசியையும் பழைய உரிமையாளர் பெயரிலேயே புதுப்பித்து வைத்திருந்தார். 2011-ல் உச்ச நீதிமன்றம், பதிவு உரிமையாளர்தான் பொறுப்பு, அவர் பெயரில் பாலிசி இருப்பதால் பணத்தைக் கட்ட வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி என்று சொல்லிவிட்டது. முறைப்படி செய்யாத ஒரு காரியம் தற்செயலாகக் காப்பாற்றியது. நமக்கும் அப்படி வாய்க்கும் என்று நம்பி வண்டியை விற்கக் கூடாது.

பாலிசி விஷயத்தில் வாங்குபவர்களும் ஒரு தவறான நம்பிக்கையில் இருக்கிறார்கள். “இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு சார்” என்று சொல்லித்தான் வண்டியை விற்பார்கள். அது பாதி உண்மை. வண்டி கைமாறும்போது அதன் இன்சூரன்ஸ் சான்றிதழும் கூடவே மாறியதாகக் கருத வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 157-வது பிரிவு. ஆனால் அது தேர்ட் பார்ட்டிக்கு மட்டும், அதாவது நம் வண்டியால் அடிபடும் வெளியாளுக்கு. வண்டி திருட்டுப் போனாலோ நொறுங்கினாலோ கிடைக்கும் சொந்தச் சேதப் பகுதி, கம்பெனியிடம் எழுதிக் கொடுத்துப் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றாத வரை வாங்கியவருக்கு வராது. 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. எழுதிக் கொடுக்கச் சட்டம் தரும் அவகாசம் 14 நாள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரைத் திருட்டுக் கொடுத்துவிட்டு, ஃபுல் கவர் பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு கிளைம் கேட்கப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விற்பவருக்கு ஒரு நல்ல செய்தி, பலருக்குத் தெரியாதது. கிளைம் எடுக்காமல் ஓட்டியதற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை போகும். அந்த நோ கிளைம் போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. விற்கும்போது கம்பெனியிடம் சான்றுக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று ஆண்டுக்குள் எடுக்கும் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம்.

பெயர் மாற்றாமல் இழுத்தடிக்க ஆயிரம் காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் பணம். கன்சல்டிங் கடைக்காரர் தன் பெயருக்கு மாற்றினால் ஆர்.சி.யில் ‘இரண்டாவது ஓனர்’ என்று ஏறிவிடும். அடுத்து வாங்குபவர் மூன்றாவது ஆகிவிடுவார், விலை இறங்கும். அதனால் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டி கடையில் நிற்கும். டெஸ்ட் டிரைவ் என்று யார் யாரோ ஓட்டிப் பார்ப்பார்கள். அத்தனை நாளும் சட்டப்படி அது உங்கள் வண்டி. சிக்னலை மீறினால் இ-சலான் உங்கள் செல்போனுக்குத்தான் வரும். திருட்டு வேலைக்குப் பயன்பட்டால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவை.

இந்த ஓட்டையை அடைக்க மத்திய அரசு 2022 டிசம்பரில் விதிகளைத் திருத்தியது. பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி தங்கள் கைக்கு வந்ததும் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை வந்தது. நல்ல விதி. ஆகவே விற்கப் போகும்போது, “உங்களிடம் அந்த அங்கீகாரம் இருக்கிறதா?” என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.

இதில் லைசென்ஸும் வந்து சேருகிறது. உங்களிடம் வாங்கியவர் லைசென்ஸ் இல்லாத ஒருவரிடம் வண்டியைக் கொடுத்து, அவர் யார் மீதாவது ஏற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதைப் பாலிசிதாரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடுவது 2004-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வாடிக்கையாகிவிட்டது. பாலிசியில் உங்கள் பெயர் இருந்தால் வசூல் நோட்டீஸ் யாருக்கு வரும்? ஓட்டியது பதினாறு வயதுப் பையன் என்றால் இன்னும் மோசம். 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவு பாதுகாவலரையோ வண்டியின் உரிமையாளரையோ குற்றவாளியாக்குகிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கலாம்தான். நிரூபிக்க வேண்டிய வேலை உங்களுடையது.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டிகள் சாலையில் ஓடுவது பழைய தலைவலி. இந்தியாவில் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயமானது 1946-ல். எழுபது ஆண்டு கழித்தும், ஷோரூமில் முதல் ஆண்டுக்கு எடுத்ததோடு மறந்துவிடும் பழக்கம் போகவில்லை. சாலை விபத்துகளில் சிதைந்து வருபவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன், 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் வந்த உத்தரவால்தான் 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டு, இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மொத்தமாக எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலம் முடிந்ததும், பெரும்பாலும் வண்டி இரண்டாவது கைக்குப் போன பிறகு, பழைய கதைதான் மறுபடி. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000. விபத்து நடந்துவிட்டால் தொகை லட்சங்களில் ஓடும்.

செய்ய வேண்டியதோ மிகச் சின்ன வேலை. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் ஃபார்ம் 29-ஐ ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் ஃபார்ம் 30-ஐ 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யோடு ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை (ஹெச்.பி.) கேன்சல் செய்ய வேண்டும். வாங்கியவர் தன் பங்கைச் செய்யட்டும் என்று விற்பவர் காத்திருக்கத் தேவையில்லை. ஃபார்ம் 29 விற்பவரின் படிவம், அதைக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்வது அவர் கையில்தான் இருக்கிறது. அப்பா இறந்த பிறகும் அவர் பெயரிலேயே வண்டி ஓடும் வீடுகள் ஏராளம். அதற்கு ஃபார்ம் 31 இருக்கிறது, அவகாசம் மூன்று மாதம்.

நீங்கள் கடைசியாக விற்ற வண்டியின் எண் நினைவிருக்கிறதா? பரிவாகன் தளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். பெயரின் நடு எழுத்துகளை நட்சத்திரக் குறிகளால் மறைத்திருப்பார்கள். ஆனாலும் முதல் எழுத்தைப் பார்த்தே அது நீங்களா இல்லையா என்று தெரிந்துவிடும். நீங்கள்தான் என்றால் வாங்கியவருக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். அவர் எடுக்கவில்லையென்றால் விற்ற ரசீதின் நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.