தேவகிரிக் கோட்டை: அரண் அமைப்பும் வீழ்ச்சியும்

கோட்டையின் வலிமை மதிலின் உயரத்தாலும் அகழியின் ஆழத்தாலும் மட்டும் அளக்கப்படுவதன்று. உள்ளிருப்போர்க்கு வேண்டிய உணவும் காவற்படையும் இல்லாவிடத்து எவ்வரணும் நிலைப்பதில்லை. இடைக்காலத் தக்காணத்தின் தேவகிரிக் கோட்டை இதற்குத் தக்க சான்றாகும்.

மகாராஷ்டிர மாநிலத்தில், முன்னர் ஔரங்காபாத் எனப்பட்ட சத்ரபதி சம்பாஜிநகருக்கு அருகில், ஏறத்தாழ 200 மீட்டர் உயரமுள்ள தனிக்குன்றில் இக்கோட்டை அமைந்துள்ளது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாதவ மன்னன் ஐந்தாம் பில்லமன் தேவகிரியைத் தன் தலைநகராகக் கொண்டான். 1327இல் முகமது பின் துக்ளக் தில்லியிலிருந்து தலைநகரை இங்கு மாற்ற முற்பட்டான். அவன் இட்ட பெயரே தௌலதாபாத் என்பது. பின்னர் பாமினி, நிஜாம்ஷாஹி, முகலாய அரசுகள் இதனை ஆண்டன. ஆதலின் இன்று காணப்படும் அரண் ஒரே காலத்துப் பணியன்று.

அடிவாரத்திலிருந்து செல்வோர் அம்பர்கோட், மகாகோட், காலாகோட் என்னும் மூன்று மதில்களைக் கடத்தல் வேண்டும். வாயில்கள் நேர்கோட்டில் அமையாது திரும்பித் திரும்பிச் செல்வதால், பகைப்படை விரைந்து புக இயலாது. யானைகள் முட்டித் தகர்க்காதவாறு கதவுகளில் கூரிய இரும்பு முட்கள் பொருத்தப்பட்டன. மதில்களுக்கு அப்பால் குன்றின் பக்கங்களே செங்குத்தாகச் செதுக்கப்பட்டுள்ளன; அவற்றின் அடியில் பாறையை வெட்டி அகழி அமைக்கப்பட்டுள்ளது. அகழியைக் கடந்தபின் உள்ள வழி ‘அந்தேரி’ எனப்படும் இருண்ட சுரங்கமாகும். வளைந்து மேலேறும் இதன் மேல்வாயிலில் தீ மூட்டினால், புகை உள்ளே பரவி, ஏறி வருவோரைத் தடுக்கும்.

இத்தகைய குன்றரணும் பகைவரிடம் பணிய நேர்ந்தது. 1296இல் அலாவுதீன் கில்ஜி திடீரெனத் தாக்கியபோது யாதவப் படையின் பெரும்பகுதி இளவரசனுடன் வெளியே சென்றிருந்தது. தானியம் எனக் கருதி உள்ளே சேர்த்த மூட்டைகளில் உப்பே இருந்தமையால் மன்னன் இராமச்சந்திரன் பணிந்தான் என்று பெரிஷ்தா கூறுகிறார். 1633இல் மகாபத்கானின் முகலாயப் படை வெளிமதில்களின் அடியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. உள்ளே உணவு அருகியது. மாலிக் அம்பரின் மகன் பத்கான் கோட்டையை ஒப்படைத்தான்.

செதுக்கிய பாறை ஏறுவோரைத் தடுக்கும், பசியைத் தடுக்காது. ஆகவே ஓர் அரணை ஆராய்வோர் மதிலையும் வாயிலையும் அளப்பதோடு அமையாமல், அதன் தானியக் களஞ்சியத்தையும் நீர்நிலைகளையும் காவலர் தொகையையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும். அவ்வாறு நோக்கும்போதே முற்றுகைகளின் முடிவுகள் தெளிவாகும்.