தேங்காய்க்கு அவ்வளவு வேகம் எப்படி வருகிறது?

தென்னை உச்சியில் அசையாமல் தொங்கும் தேங்காய்க்கும் ஆற்றல் உண்டு. உயரத்தால் கிடைத்த அந்த ஆற்றலின் பெயர் நிலை ஆற்றல். நிறை, உயரம், புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் அதன் அளவு தெரியும். 20 மீட்டர் உயரத்திலுள்ள ஒன்றரைக் கிலோ தேங்காய்க்கு அது சுமார் 294 ஜூல்.

காம்பு இற்று விழும்போது உயரம் குறையக் குறைய நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. பாதி வழியில் இரண்டும் சரிபாதி. தரையைத் தொடும் கணத்தில் எல்லாமே இயக்க ஆற்றல். வேகம் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். காற்றுத் தடை அதைச் சற்றே குறைக்கும். மோதியதும் ஆற்றல் அழிவதில்லை; 'தொம்' என்ற ஒலியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது, மண்ணையும் பள்ளமாக்குகிறது.

உயரம் கால் பங்கானால் வேகம் பாதிதான் குறையும். 5 மீட்டர் குட்டைத் தென்னையிலிருந்து விழும் காயும் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வரும். காய்த்த தென்னைக்கு அடியில் கட்டில் போடாதீர்கள்; குழந்தைகளை விளையாட விடாதீர்கள்.