கூடாரத்தின் கீழ் ஓர் ஒலிம்பிக் அரங்கம்

கட்டடங்களுக்கும் குணம் உண்டு. 1936ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுக்காகப் பேர்லினில் எழுந்த அரங்கத்தை நோக்குவோர்க்கு இது விளங்கும். கல் போர்த்த தூண்வரிசையும் மணிக்கோபுரமும் அணிவகுப்புத் திடலும் கொண்ட அவ்வளாகத்தை, ஹிட்லரின் அரசு தன் வலிமையைப் பறைசாற்றும் கருவியாக்கிக்கொண்டது. முப்பத்தாறு ஆண்டுகளின் பின் ஜேர்மனியின் மியூனிச் நகரில் மீண்டும் ஒலிம்பிக் விழா நடைபெறுவதாயிற்று. மனிதனைச் சிறியவனாக்காத ஓர் அரங்கை அமைப்பது எங்ஙனம்? இதுவே கட்டடக் கலைஞர்முன் நின்ற வினா.

தெரிவு செய்யப்பட்ட இடம், முன்னாளில் படைப்பயிற்சித் திடலாகவும் பின்னர் விமானத்தளமாகவும் விளங்கிய வெளி. போரிலே குண்டு விழுந்து தகர்ந்த கட்டடங்களின் இடிபாடுகள் அங்கே ஒரு குன்றாகக் குவிந்து கிடந்தன. 1967இல் வடிவமைப்புப் போட்டியில் வென்ற கியூன்தர் பேனிஷ் குழுவினர் அக்குன்றை அகற்றினாரல்லர். புல் போர்த்துப் பூங்காவின் அணியாக்கினர். கால்வாய் நீரைத் தேக்கி ஏரியும் அமைத்தனர்.

அரங்கின் பெரும்பகுதி நிலத்தின் சரிவிலேயே பதிந்துள்ளது. மாத்தளை மாவட்டத்து வில்கமுவ போன்ற வேளாண்மைப் பகுதிகளில் வாழ்வோர்க்கு இந்நுட்பம் எளிதில் புலப்படும். குளக்கட்டின் சரிவில் அமர்ந்து கீழே நிகழும் கரப்பந்தாட்டத்தைக் காண்பவனுக்கு மண்ணே இருக்கை. மியூனிச்சிலும் அரங்கம் மதில்போல எதிரே உயர்ந்து வருவோரை அச்சுறுத்துவதில்லை. பள்ளத்தாக்குப்போலக் கீழே விரிகின்றது.

கூரையோ இன்னும் வியப்புக்குரியது. அதன் ஆக்கத்தில் பெரும்பங்கு கொண்ட ஃபிரை ஓட்டோ, பிரான்சிலே போர்க்கைதியாக இருந்தபோது, மிகக் குறைந்த பொருளைக்கொண்டு கட்டும் கலையைப் பயின்றவர். கம்பிச் சட்டத்திலே சவர்க்கார நீர்ப்படலம் தானாகக் கொள்ளும் வடிவங்களை ஆராய்ந்தவர். வழக்கமான கூரையின் பாரம் சுவரையும் தூணையும் அழுத்துகின்றது. மியூனிச் கூரையோ இழுவிசையால் நிற்பது. ஏறத்தாழ 80 மீற்றர்வரை உயர்ந்த கம்பங்களிலே உருக்கு வடங்களாலான வலை தொங்குகின்றது. விளிம்பு வடங்கள் நிலத்தில் ஆழப் பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு திசையில் தாழ்ந்து வளையும் வடத்தை, குறுக்கே மேலெழுந்து வளையும் வடம் இறுகப் பற்றுகின்றது. ஆதலின் காற்றுக்கு அது படபடப்பதில்லை. அரங்கின் ஒரு பக்கத்தையும் உள்ளரங்கையும் நீச்சற் கூடத்தையும் தழுவும் இக்கூரையின் பரப்பு 74,800 சதுர மீற்றர்; பதினெட்டு ஏக்கருக்கும் மேல்.

வலையின்மீது ஒளி ஊடுருவும் அக்கிரிலிக் தகடுகள் வேயப்பட்டன. கரிய நிழல் விழுந்தால் வண்ணத் தொலைக்காட்சிப் படம் கெடும் என்பது அதற்கொரு காரணம்.

‘சிலோன்’ என்ற பெயர் நீங்கியபின் இந்நாட்டு வீரர் முதன்முதலாகப் பங்குபற்றிய ஒலிம்பிக்கும் அதுவே. ஆயின் அவ்விழா குருதியால் கறைபட்டது. கடுங்காவலின்றி விடப்பட்டிருந்த ஒலிம்பிக் கிராமத்துள் 1972 செப்ரெம்பர் 5ஆம் நாள் ஆயுதபாணிகளான பாலஸ்தீனர் புகுந்தனர். இஸ்ரேலியக் குழுவினர் பதினொருவரும் ஜேர்மன் காவலர் ஒருவரும் உயிரிழந்தனர். அன்பான கட்டடம் மனிதரை வரவேற்கலாம். அவர் நெஞ்சிலுள்ள பகையை அதனால் தடுக்க இயலவில்லை.

எனினும், அஞ்சி அப்பூங்காவை மூடிவிடவில்லை. மாண்டோர்க்கு 2017இல் அங்கே ஒரு மேட்டைக் குடைந்து நினைவிடம் அமைத்தனர். இடிபாட்டுக் குன்றின்மேல் இன்றும் மக்கள் உலாவுகின்றனர். தோற்ற போரையும் சிந்திய குருதியையும் மறைக்காமல், அவற்றின் அருகிலேயே விளையாட இடம் தந்திருப்பதே அவ்வரங்கின் பெருமை.