நைத்திரேற்று வந்த வழி எது?

கலவானப் பகுதித் தோட்டங்களில் பீலித் தண்ணீருக்குத் தனிப் பெருமை உண்டு. மலை வடித்துத் தருவது, கண்ணாடிபோல் தெளிந்தது. ஆயினும் தெளிவு ஒன்றே தூய்மைக்குச் சான்றாகிவிடாது. நைத்திரேற்று கலந்த நீருக்கு நிறமில்லை, மணமில்லை.

காய்ச்சினால் தீர்ந்தது என்று தாய்மார் எண்ணக்கூடும். கிருமிகள் மடியும், நைத்திரேற்றோ அப்படியே இருக்கும். நீர் ஆவியாகிக் குறையுந்தோறும் அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்துவிட்டால், அந்நீரில் கரைத்த மாப்பாலைப் பருகும் பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். மேனி நீலம் பாயும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹன்டர் காம்லி 1945இல் இந்நோயைக் கிணற்று நீரோடு தொடர்புபடுத்திக் காட்டினார்.

நம் நாட்டில் இத்தொல்லைக்குப் பெயர்போனது யாழ்ப்பாணம். வற்றாத ஆறில்லை; சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரே கிணறுகளுக்கு உயிர். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் தோட்டங்களுக்கிட்ட பசளை அந்நீரில் இறங்குவதை 1980களிலேயே ஆய்வாளர் கண்டனர். மலகூடக் குழிகளும் அதே கல்லின் மேல்தான் உள்ளன. அப்படியாயின் குற்றவாளி யார்? பசளையா, கழிவா?

இங்கேதான் விஞ்ஞானம் துப்பறியத் தொடங்குகிறது. நைதரசனில் இரு வகை அணுக்கள் உண்டு. ஆயிரத்தில் ஏறத்தாழ நான்கு மட்டும் எடை சற்று மிகுந்தவை. இரசாயனப் பசளை காற்றிலுள்ள நைதரசனைக் கொண்டே ஆக்கப்படுவதால் காற்றின் விகிதமே அதிலும் பெரிதும் இருக்கும். சாணத்திலும் மலசலத்திலுமோ அமோனியா ஆவியாகும்போது இலேசான அணுக்கள் முந்திப் பறந்துவிட, கனமானவை எஞ்சுகின்றன. ஆகவே நைத்திரேற்றின் எடை விகிதம் அதன் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

சாட்சி சில வேளை பிறழ்வதும் உண்டு. ஒட்சிசன் குறைந்த மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் இலேசான நைத்திரேற்றையே முதலில் சிதைப்பதால், பசளையும் சாணத்தின் வேடம் பூண்டுவிடலாம். ஆதலால் நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனின் எடையையும் கூடவே அளக்கின்றனர். மனிதக் கழிவா மாட்டுச் சாணமா என்று பிரித்தறியக் கபீன் தேடுவாரும் உளர். தேயிலை இலையிலேயே கபீன் இருப்பதால் நம் மலைகளில் அச்சாட்சி எடுபடுமா என்பது ஐயமே!

கலவானவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் மழை நைத்திரேற்றை ஐதாக்கும். அதே மழைதான் தேயிலைக்கிட்ட யூரியாவிலிருந்து பிறப்பதைக் கீழே கழுவிச் செல்லவும் வல்லது. எனவே ஒருமுறை எடுத்த போத்தல் நீர் போதாது. உரமிடுமுன் ஒருமுறை, உரமிட்டு நல்ல மழை பெய்தபின் ஒருமுறை, லயங்களுக்கு மேலுள்ள ஊற்றிலும் கீழுள்ள கிணற்றிலும் எடுக்க வேண்டும். எடுத்த நீரைக் குளிரூட்டியே ஆய்வுகூடம் சேர்ப்பிக்க வேண்டும். இன்றேல் வழியிலேயே பற்றீரியாக்கள் தடயத்தை மாற்றிவிடும்.