நாசா கைவிட்ட விண்கலம் பதில் கொடுத்தது! ஹாம்பர்கர் கடையில் உருவான ரேடியோ

அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான நாசா கைவிட்ட பழைய விண்கலம் ஒன்றை, மூடிக்கிடந்த ஹாம்பர்கர் கடையை ஆபீஸ் ஆக்கிக் கொண்ட ஒரு குழுவினர் மீண்டும் பேச வைத்தார்கள். அதற்குக் கை கொடுத்தது, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக் கொள்ளக்கூடிய ரேடியோ புரோகிராம்!

2014-ம் ஆண்டு நடந்த அந்தப் போராட்டத்தின் விவரம் வருமாறு:-

வாலுக்குள் புகுந்தது

விண்கலத்தின் பெயர் ஐ.எஸ்.இ.இ.-3. 1978-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி ஏவப்பட்டது. பூமியில் இருந்து 15 லட்சம் கிலோ மீட்டர் தூரத்தில் காவல்காரன் போல நின்று, சூரியனில் இருந்து வரும் துகள்களை ஆராய்ந்தது.

பிறகு பாதை மாறி, 1985-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி ஜியாகோபினி-சின்னர் என்ற வால் நட்சத்திரத்தின் வாலுக்குள் புகுந்து வெளியே வந்தது. வால் நட்சத்திரத்தை நேரில் போய்ப் பார்த்த முதல் விண்கலம் இதுதான்.

1997-ல் "வேலை போதும்" என்று நாசா நிறுத்தி விட்டது. ஆனால் விண்கலத்தின் டிரான்ஸ்மிட்டர் அணையவில்லை. கேட்க ஆள் இல்லாமலே அது கத்திக்கொண்டு சூரியனைச் சுற்றி வந்தது.

சாவி இல்லாத பூட்டு

2014-ல் அது மீண்டும் பூமி பக்கம் வரும் என்பது பழைய கணக்கு. கணக்குப்படி வந்தது. ஆனால் அதனோடு பேசும் கருவிகளை 1999-லேயே கழற்றி எறிந்து விட்டார்கள். புதிதாகச் செய்யச் செலவு அதிகம் என்று நாசா கைவிரித்தது. பூட்டு இருக்கிறது, சாவி இல்லை என்ற கதை!

டென்னிஸ் விங்கோ, கீத் கவ்விங் என்ற இருவர் தலைமையில் ஒரு குழு கிளம்பியது. பொதுமக்களிடம் வசூல் நடத்தியதில் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. மே 21-ந் தேதி நாசாவும் அனுமதி கொடுத்தது. கலிபோர்னியாவில், நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில் மூடிக்கிடந்த ஹாம்பர்கர் கடைதான் ஆபீஸ்.

பெட்டிக்குப் பதில் புரோகிராம்

பழைய கருவியை அப்படியே செய்ய நேரம் இல்லை. அங்கேதான் "சாப்ட்வேர் ரேடியோ" வந்தது.

சாதாரண ரேடியோவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சர்க்கியூட் உண்டு. கோளாறு வந்தால் பெட்டியைத் திறந்து சால்டரிங் வைக்க வேண்டும். சாப்ட்வேர் ரேடியோவில் சின்னப் பெட்டி ஒன்று அலைகளை வாங்கி எண்களாக்கிக் கொடுக்கும். மற்ற வேலை எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கும். தப்பு வந்தால் புரோகிராமில் நாலு வரியைத் திருத்தி ஓட்டினால் போதும்.

2001-ல் தொடங்கிய ‘குனு ரேடியோ’ என்ற புரோகிராமைக் குழுவினர் எடுத்துக் கொண்டார்கள். அதில் ஒளிவு மறைவு கிடையாது. உள்ளே இருப்பதை எல்லாரும் பார்க்கலாம், மாற்றலாம். பழைய தஸ்தாவேஜுகளைத் தேடி எடுத்து, 1970-களின் கருவி செய்த வேலையை அதில் எழுதினார்கள்.

எங்கே கோளாறு?

இந்த வேலையில் பெரிய தலைவலி, பதில் வராவிட்டால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான். புரோகிராமா? கேபிளா? ஆம்பிளிபயரா? ஆன்டெனா திரும்பிய திசையா? அல்லது விண்கலமே படுத்து விட்டதா? விண்கலம் ஓடிக்கொண்டே இருப்பதால் அதன் அலைவரிசையும் நகரும். அதையும் துரத்திப் பிடிக்க வேண்டும்.

முதலில் கேட்பது, பிறகு பேசுவது என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பதுதான் வழி. ஜெர்மனியில் போகும் நகர அமெச்சூர் ரேடியோக்காரர்கள் அந்த மார்ச் மாதமே விண்கலத்தின் குரலைப் பிடித்திருந்தார்கள். ஆகவே அது சாகவில்லை என்பது நிச்சயம்.

போர்ட்டோரிக்கோ தீவில் அரெசிபோ என்ற இடத்தில் 305 மீட்டர் அகல ராட்சத ஆன்டெனா இருந்தது. அங்கே ஆம்பிளிபயரைக் கொண்டுபோய் மாட்டிக் கட்டளை அனுப்பினார்கள். மே 29-ந் தேதி விண்கலம் கீழ்ப்படிந்தது!

இதில் ஒரு வேடிக்கை. கம்ப்யூட்டரே இல்லாத விண்கலத்தோடு, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ரேடியோ பேசியது.

என்ஜின் இருமியது

அடுத்து, பாதையைத் திருப்பிப் பழைய இடத்திலேயே நிறுத்தத் திட்டம். முந்தைய முயற்சிகள் பலிக்காமல், ஜூலை 2-ந் தேதி சின்ன என்ஜின்கள் வெடித்து இயங்கின. 1987-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. குழுவினருக்கு ஒரே குஷி.

அந்தக் குஷி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ஜூலை 8-ந் தேதி என்ஜின் கொஞ்சம் ஓடி நின்றது. மறுபடி முயன்றும் பலன் இல்லை. வால்வு கெட்டதா என்று சந்தேகித்தார்கள். கடைசியில், எரிபொருளைத் தள்ளும் நைட்ரஜன் வாயு தீர்ந்து விட்டது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆகஸ்டு 10-ந் தேதி சந்திரனைக் கடந்து தன் வழியே போனது விண்கலம். செப்டம்பர் 16-ந் தேதி தொடர்பு அறுந்தது.

அரெசிபோ ஆன்டெனாவும் 2020-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இடிந்து விழுந்தது.

தூக்கி எறிந்த கருவியைக் கம்ப்யூட்டரில் எழுதி உயிர் கொடுத்த கில்லாடிகள் அவர்கள். ஆனால் தீர்ந்துபோன நைட்ரஜனை எந்தப் புரோகிராமிலும் எழுத முடியவில்லை!