ஆர்மிக்கு முன்னாடியே போட்டியில் ஜெயிச்ச புல்லட்! ஷாக் அப்சார்பர் கதை தெரியுமா?

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் ஜெயிக்கிற வீரருக்குக் கொடுக்கும் புது பைக்கா இருந்தாலும் சரி, ஊருக்குள்ள காய்கறி மூட்டை ஏத்திட்டு வர்ற பழைய பைக்கா இருந்தாலும் சரி, பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் இருக்கும். ஆனால் 1940-களில் பெரும்பாலான பைக்குகளுக்கு அது கிடையாது. அந்த நிலைமை மாறியதில் நம்ம புல்லட்டுக்கும் பங்கு உண்டு.

அப்போ பைக் எப்படி இருந்தது?

பின்சக்கரம் நேரடியாக ஃப்ரேமில் மாட்டப்பட்டிருக்கும். சீட்டுக்கு அடியில் மட்டும் ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கினால் மாட்டு வண்டி மாதிரி மொத்த வண்டியும் தூக்கிப் போடும்.

புல்லட் என்ன செய்தது?

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு, 1932-லேயே புல்லட் என்ற பெயரில் பைக் விற்றது. 1948-ல் புது 350 சிசி புல்லட்டை உருவாக்கியபோது, பின்சக்கரம் மேலும் கீழும் அசையும்படி ஸ்விங் ஆர்ம் வைத்தது. இது அவர்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் சேறும் பாறையும் நிறைந்த 'டிரயல்ஸ்' போட்டிக்கு இது சரிப்பட்டு வராது என்று பலர் நினைத்தார்கள்.

உண்மை நேர்மாறாக இருந்தது. சக்கரம் தனியாக அசைவதால், மேடு பள்ளத்திலும் டயர் தரையை விடுவதில்லை. தரையை விடாத டயருக்குத்தான் பிடிமானம்.

எங்கே நிரூபித்தது?

● 1948 பிப்ரவரி: கோல்மோர் கப் போட்டியில் முதல்முறையாகக் களமிறங்கியது.

● அதே ஆண்டு: இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டி. இதில் ஸ்பீடு மட்டும் போதாது. ஆறு நாளும் குறித்த நேரத்தில் வண்டி போய்ச் சேரணும், ரிப்பேர் வந்தால் ஓட்டுபவரேதான் பார்க்கணும். கோப்பை வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள். இருவருக்குமே தங்கப் பதக்கம்.

● 1952: ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியில் ஜானி பிரிட்டன் புல்லட்டில் வென்றார்.

மெட்ராஸுக்கு எப்படி வந்தது?

அதே 1952-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலம் இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டுகளை ஆர்டர் செய்தது. சரியான ரோடே இல்லாத எல்லைப் பகுதிக்கு இப்படியொரு வண்டிதான் தேவைப்பட்டது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது.

பிறகு?

ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. திருவொற்றியூர் மட்டும் நிற்கவில்லை. 1977-ல், பிறந்த ஊரான இங்கிலாந்துக்கே இங்கிருந்து புல்லட் ஏற்றுமதியானது!